அமெரிக்க மோட்டார் வண்டிகளின் ஏற்றமும் இறக்கமும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு ஊர்ப்பயணம் என்பது ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய காரியம். முன்பெல்லாம் டில்லியிலோ, பம்பாய் தாதரிலோ, கல்கத்தா ஹௌராவிலோ ரயில் ஏறி, கட்டுச்சோற்று மூட்டையும் தண்ணீர்க் கூஜாவுமாகச் சென்னை வந்து சேர்வோம். இப்போது நெடுஞ்சாலைகள் அகன்றுவிட்டன. புனேயிலிருந்து மதுரைக்கும் ஹைதராபாத்திலிருந்து திருநெல்வேலிக்கும், பாட்டி முதல் பேரன்வரை அனைவரையும் ஏற்றிக்கொண்டு சொந்த வண்டியிலேயே புறப்படுகிறவர்கள் நம்மில் பலர். அவ்வாறு புறப்படும் வண்டி பெரும்பாலும் தரையினின்று உயர்ந்து, அகன்ற தோளுடன் நிற்கும் பெருவண்டியாகவே இருக்கிறது. எஸ்.யு.வி. என்னும் மூன்றெழுத்துகளால் அதனை உலகம் அழைக்கிறது.

இத்தகைய வண்டி ஒன்றை வாங்க முற்படும் குடும்பத்தில் இரு கேள்விகள் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். வீட்டுப் பிள்ளைகள் கேட்பது, “எந்தக் கம்பெனி விற்பனையில் முதலிடத்தில் நிற்கிறது?” என்பது. சேமிப்பைச் செலவிடப்போகும் பெரியவர் கேட்பது, “பத்து ஆண்டு கழித்து இதற்கு உதிரிப் பாகம் கிடைக்குமா?” என்பது. இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களே என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று என்பதற்கு அமெரிக்க மோட்டார்த் தொழிலின் வரலாறே தக்க சான்று.

ஹென்றி ஃபோர்டு தம் கம்பெனியை நிறுவிய ஆண்டு 1903. மாடல் டி என்னும் வண்டியை அவர் வெளியிட்டது 1908ஆம் ஆண்டு அக்டோபரில். அதன் விலை முதலில் ஏறக்குறைய 850 டாலர். 1913இல் டெட்ராய்ட்டை அடுத்த ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசையில் வண்டி பூட்டும் முறை வந்தது. தொழிலாளி நின்ற இடத்தில் நிற்க, வேலை அவனை நாடி வந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டுவதற்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேலாகிய நிலை மாறி, ஒன்றரை மணி நேரமே போதும் என்றாயிற்று. 1914இல் நாள் ஒன்றுக்கு 5 டாலர் என்று ஊதியத்தை உயர்த்தினார் ஃபோர்டு. வண்டியின் விலையோ ஆண்டுக்காண்டு இறங்கி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது.

அந்த வண்டியை வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் குடியானவர்கள். அக்காலத்து அமெரிக்க நாட்டுப்புறச் சாலை மழைக்காலத்தில் சேறு, வேனிற்காலத்தில் புழுதி. மாடல் டி உயர்ந்த சக்கரங்களும் வளைந்து கொடுக்கும் உடலும் உடையதாதலால் அந்தப் பள்ளம் மேடுகளில் தத்தித் தத்தியேனும் போய்ச் சேர்ந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டை மாட்டி, அதைக்கொண்டே மரம் அறுத்தவர்களும் உண்டு. பழுதானால் கொல்லன் பட்டறையிலும் சரிசெய்யலாம். எஸ்.யு.வி. என்னும் பெயர் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே, அவ்வகை வண்டியிடம் மக்கள் எதிர்பார்க்கும் குணங்கள் பல அதனிடம் இருந்தன. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பாதி ஃபோர்டு வண்டிகளே. 1927இல் உற்பத்தி நின்றபோது மொத்தக் கணக்கு ஒன்றரைக் கோடியாக இருந்தது.

இவ்வளவு உயரத்தில் நின்ற கம்பெனி ஏன் சறுக்கிற்று? மக்கள் மாறினார்கள், ஃபோர்டு மாற மறுத்தார். 1908இல் வில்லியம் டூராண்ட் நிறுவிய ஜெனரல் மோட்டார்ஸ், 1923 முதல் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் வேறொரு வழியை வகுத்தது. எளியவனுக்குச் செவர்லே, சற்று வசதி பெற்றவனுக்குப் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், அதற்கும் மேலே பியூக், செல்வந்தனுக்குக் கேடிலாக். வாழ்க்கையில் ஒருவன் படியேறும்போது வண்டியிலும் படியேறலாம். ஆண்டுதோறும் புதிய உருவம். தவணை முறையில் பணம் செலுத்தும் வசதி. பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது பெறும் ஏற்பாடு. 1927இல், புதிய வண்டிக்காக ஃபோர்டு தன் தொழிற்சாலைகளை மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வேளையில், செவர்லே முன்னேறிச் சென்றது. 1931இல் ஜெனரல் மோட்டார்ஸ் உலகத்திலேயே முதற் கம்பெனியாயிற்று. அந்த இடத்தை 2008இல் ஜப்பானின் டொயோட்டா கைப்பற்றும்வரை 77 ஆண்டுகள் அது வகித்தது. 1925இல் வால்டர் கிரைஸ்லர் தொடங்கிய கம்பெனி, 1928இல் டாட்ஜ் நிறுவனத்தை வாங்கி, பிளிமத் என்னும் மலிவு வண்டியையும் வெளியிட்டு, மூன்றாம் பெருங் கம்பெனியாக எழுந்தது.

இம்மூவருக்கும் இடையில் அகப்பட்டு நசுங்கியவர்கள் பலர். பாக்கார்டு, ஸ்டூடிபேக்கர், ஹட்சன், நாஷ் என்னும் பெயர்கள் ஒரு காலத்தில் நம் நாட்டுச் சமஸ்தான மாளிகைகளின் கொட்டகைகள் வரை எட்டியவை. நாஷும் ஹட்சனும் 1954இல் ஒன்றாகி அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அதே ஆண்டில் பாக்கார்டும் ஸ்டூடிபேக்கரும் இணைந்தன. 1966இல் ஸ்டூடிபேக்கர் கார் உற்பத்தியும் முடிவுற்றது. ஃபோர்டு கம்பெனியே பெருஞ்செலவில் வெளியிட்ட எட்ஸல் என்னும் வண்டி 1957இல் பிறந்து 1959இல் மறைந்தது. விளம்பரம் மட்டும் வண்டியை ஓட்டாது என்பதற்கு அப்பெயரே அமெரிக்காவில் பழமொழி போலாயிற்று.

இனி, பெருவண்டியின் பிறப்பைப் பார்ப்போம். அதற்கு இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று, 1935இல் செவர்லே வெளியிட்ட சபர்பன். சிறிய பார வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் எஃகுக் கூண்டு அமைத்து, மூன்று வரிசைகளில் எட்டுப் பேர் அமரச் செய்த வண்டி அது. ஒரே பெயரில் இத்தனை நெடுங்காலம் தொடர்ந்து விற்கப்படும் வேறொரு வண்டி உலகில் இல்லை.

மற்றொரு மூலம் போர்க்களம். 1940ஆம் ஆண்டில் அமெரிக்கச் சேனை, நான்கு சக்கரங்களுக்கும் உந்துவிசை செல்லும் இலகுவான வண்டி ஒன்று வேண்டும் என்று கம்பெனிகளை அழைத்தது. முதல் மாதிரியை உரிய நாளில் செய்து தந்தது பான்டம் என்னும் சிறு கம்பெனி. ஆனால் பெருந்தொகையாகச் செய்து தரும் வலிமை அதற்கு இல்லை என்று கருதிய சேனை, பெரும்பாலான உத்தரவுகளை வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்கும் கொடுத்தது. வழி கண்டவன் ஒருவன். வாணிகம் கண்டவர் வேறிருவர். போர் முடிவதற்குள் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. அவற்றிற் பல நம் நாட்டின் கிழக்கெல்லையில், இம்பாலிலும் கொஹிமாவிலும் பர்மா வழிகளிலும் உழைத்தவை.

1945இல் ஜீப் படையுடை களைந்து குடிமகனாயிற்று. உழவுக்கும் தோட்டத்திற்கும் ஏற்றதாக வில்லிஸ் அதனை விற்றது. 1962இன் இறுதியில் வந்த வாகனீர் என்னும் ஜீப் வண்டி, காரின் சொகுசையும் ஜீப்பின் வலிமையையும் ஒன்றாகக் கலந்து, இன்றைய எஸ்.யு.வி.க்கு முன்னோடியாயிற்று. ஜீப் என்னும் பெயரின் உடைமையோ கைமாறிக்கொண்டே இருந்தது. 1953இல் கைஸர், 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ், 1987இல் கிரைஸ்லர் எனப் பலர் அதற்கு எஜமானர்களானார்கள். எஜமானர்கள் மறைந்தார்கள், ஜீப் நிலைத்தது.

அமெரிக்க மக்கள் பெருவண்டியின்பால் திரும்பியதற்கு அவர்கள் விருப்பம் மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. சட்டமும் அதற்குத் துணை நின்றது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிமீது வரி விதித்தமைக்குப் பதிலடியாக, 1964இல் அமெரிக்கா வெளிநாட்டுச் சிறு பார வண்டிகள்மீது 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை தீர்ந்த பின்னும் வரி தீரவில்லை. பார வண்டித் துறை உள்நாட்டுக் கம்பெனிகளின் கோட்டையாயிற்று. அடுத்து, 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1985ஆம் ஆண்டு வண்டிகளுக்குச் சராசரியாகக் காலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 11.7 கிலோமீட்டர் ஓடவேண்டும் என்று கார்களுக்கு விதி ஏற்பட்டது. சிறு பார வண்டிகளுக்கோ விதி தளர்ந்திருந்தது. 1990களின் பிற்பகுதியிலும் 20.7 மைலே போதும். பார வண்டியின் அடிச்சட்டத்தில் அமைந்த எஸ்.யு.வி. சட்டத்தின் கண்ணுக்குப் பார வண்டி. வாங்குவோர் கண்ணுக்குக் குடும்பக் கார். கம்பெனிகளுக்கோ மிகுந்த லாபம் தரும் பண்டம். இம்மூன்றும் கூடினால் வேறென்ன வேண்டும்?

1990இல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் வண்டியை வெளியிட்டது. அவ்வகையில் அமெரிக்காவிலேயே மிகுதியாக விற்பது என்னும் பெயரை அது 1990கள் முழுதும் பெற்றது. வாங்கியவர்கள் சொன்ன நிறைகள் உண்மையானவை. உயரத்தில் அமர்வதால் சாலை நெடுந்தூரம் தெரிந்தது. குழந்தைகளுக்கும் சாமான்களுக்கும் இடம் இருந்தது. பனியிலும் சேற்றிலும் நம்பிக்கை பிறந்தது. அவர்கள் சொன்ன குறைகளும் உண்மையானவையே. பெட்ரோல் மிகுதியாகச் செலவாயிற்று. சிறு வளைவிலும் உடல் சாய்ந்தது. டயர் மாற்றும் செலவு கையைக் கடித்தது.

ஆனால் பெருங்குறை ஒன்று பின்னர்தான் வெளிப்பட்டது. எக்ஸ்ப்ளோரரில் பூட்டப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில, வெப்ப நாட்களில் விரைந்து செல்கையில் மேற்பட்டை பிரிந்து சிதறின. உயரம் மிகுந்த வண்டி நிலைகுலைந்து உருண்டது. அமெரிக்காவில் மட்டும் 200 பேருக்கு மேல் உயிரிழந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு கூறிற்று. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக ஃபயர்ஸ்டோன் அறிவித்தது. டயரே குற்றவாளி என்றது ஃபோர்டு. வண்டியின் அமைப்பும், காற்றழுத்தம் குறைவாக வைக்கச் சொன்னதும் காரணம் என்றது டயர்க் கம்பெனி. ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்களாக இருந்து தொடங்கிய, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உறவு 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் முறிந்தது.

இத்துயரத்திலிருந்து பிறந்த நன்மைகளும் உண்டு. குறைகளை மறையாமல் அரசாங்கத்திற்குத் தெரிவிக்கவேண்டும் என்னும் சட்டம் அமெரிக்காவில் 2000த்திலேயே இயற்றப்பட்டது. டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் கருவியும், வண்டி சறுக்கும்போது தானே நிலைநிறுத்தும் கருவியும் பின்னர்க் கட்டாயமாயின. நாம் கோடை வெயிலில் கர்நூல் வழியாகவோ சோலாப்பூர் வழியாகவோ விரைந்து செல்லும்போது இதனை நினைவிற் கொள்ளவேண்டும். நிறைந்த பாரம், குறைந்த காற்று, மிகுந்த வேகம், கடுமையான வெயில் — இந்நான்கும் சேர்வதே ஆபத்து. வண்டி எந்தக் கம்பெனியுடையதாயினும் புறப்படுமுன் டயரைப் பார்ப்பவரே அறிவுடையவர்.

பெட்ரோல் விலை மற்றொரு பாடம் கற்பித்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காலன் 4 டாலரைத் தாண்டியபோது பெருவண்டிகள் கடைகளில் தேங்கின. பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, 2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்தடுத்து நொடித்து, நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடின. பான்டியாக்கும், படைவண்டியிலிருந்து பிறந்து ஆடம்பரத்தின் சின்னமாகத் திகழ்ந்த ஹம்மரும் 2010இல் நிறுத்தப்பட்டன. ஓல்ட்ஸ்மொபில் 2004இலேயே மறைந்துவிட்டது. பிளிமத் அதற்கும் முன்பு, 2001இல். ஸ்லோன் கட்டிய படிக்கட்டில் பல படிகள் உதிர்ந்தன.

ஆயினும் பெருவண்டி சாகவில்லை, உருமாறி வந்தது. பார வண்டியின் அடிச்சட்டத்தை விட்டு, காரின் உடலமைப்பிலேயே உயர்த்திக் கட்டிய புதுவகை வண்டிகள் பெட்ரோலைக் குறைவாகக் குடித்தன. 2018இல் ஃபோர்டு, அமெரிக்காவில் மஸ்டாங் தவிரச் சாதாரணக் கார்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது. காரை ஏழைக்கும் எட்டச் செய்த கம்பெனியே காரை விட்டது காலத்தின் விந்தை. 2021இல் அமெரிக்க மண்ணிலேயே ஜெனரல் மோட்டார்ஸை விற்பனையில் முந்திற்று டொயோட்டா. 1931 முதல் காத்துவந்த முதலிடம் பறிபோய், மறு ஆண்டில் மீண்டது. மின்சார வண்டி மட்டுமே செய்யும் டெஸ்லா கம்பெனியின் மாடல் ஒய் என்னும் வண்டி, 2023இல் உலகில் மிகுதியாக விற்ற வண்டி என்னும் பெயரைப் பெற்றது. அதுவும் உயர்ந்து நிற்கும் வகையே.

நம் நாட்டுடன் இவ்வரலாற்றுக்கு உள்ள தொடர்பு நெடியது. 1928இல் பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி பூட்டும் ஆலையை அமைத்தது. 1930களின் தொடக்கத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று துறைமுக நகரங்களிலும் ஃபோர்டு வண்டிகள் பூட்டப்பட்டன. பின்னர், 1944இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரின் உடன்பாட்டுடன் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பம்பாய் குர்லாவில் செய்தது. வெறுமனே பூட்டி விற்பது போதாது, இங்கேயே உற்பத்தி செய்யவேண்டும் என்னும் கொள்கை 1953இல் உறுதிப்பட்டதும், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. ஆனால் ஜீப் தங்கிற்று. 1940களின் இறுதியில் வில்லிஸ் கம்பெனியின் அனுமதியுடன் பம்பாய் மஜ்காவில் ஜீப் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா கம்பெனி, படிப்படியாக அதனை உள்நாட்டுப் பொருளாகவே ஆக்கிக்கொண்டது. தாசில்தாரும் போலீஸ் அதிகாரியும் மலேரியா ஒழிப்பு ஊழியரும் ஊருக்குள் வந்தது அந்த ஜீப்பில்தான். அக்கம்பெனியே 2002இல் ஸ்கார்ப்பியோ என்னும் எஸ்.யு.வி.யைத் தந்தது. 2018இல் அதே கம்பெனி ராக்ஸர் என்னும் சிறு வண்டியை அமெரிக்காவில் விற்க முற்பட்டபோது, அது தங்கள் ஜீப்பின் சாயல் என்று ஜீப்பின் அன்றைய உடைமையாளர் வழக்காடினர். 2020இல் அவர் பக்கம் முடிவாகி, வண்டியின் முகத்தை மாற்ற நேர்ந்தது. தாய்வீட்டுக்குச் சென்ற பெண்ணை வாசலில் நிறுத்திய கதை போன்றது அது.

1990களில் கதவு திறந்ததும் அமெரிக்கர் மீண்டும் வந்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் குஜராத்தின் ஹலோலிலும் பின்னர்ப் புனே அருகே தலேகாவிலும் வண்டி செய்தது. ஃபோர்டு, செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகரில் தொழிற்சாலை அமைத்தது. அங்கே 2013 முதல் ஈகோஸ்போர்ட் என்னும் சிறிய எஸ்.யு.வி. செய்யப்பட்டது. 2018 முதல் அது அமெரிக்காவிலேயே விற்கப்பட்டது. பெருவண்டியைப் படைத்த நாட்டுக்கு நம் செங்கற்பட்டுச் சீமை பெருவண்டி அனுப்பியது என்பதில் நாம் பெருமை கொண்டோம்.

அப்பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இன் இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறக்குறைய 4,000 தொழிலாளர்களின் பிழைப்பு அந்த ஒரு நாள் அறிவிப்பில் தொங்கிற்று. 2022இல் மறைமலைநகர் வரிசை நின்றது. அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தை 2024இல் அக்கம்பெனி தமிழ்நாட்டு அரசுக்கு எழுத்து மூலம் தெரிவித்தது. ஜீப் கம்பெனியோ 2017 முதல் புனே அருகே ரஞ்சன்காவில் காம்பஸ் என்னும் வண்டியைச் செய்யலாயிற்று. டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் தன் முதற் கடையைத் திறந்தது.

விற்பனை நின்ற பின்னும் பழுதுபார்ப்பும் உதிரிப் பாகங்களும் தொடரும் என்று வெளியேறிய கம்பெனிகள் அறிவித்தன. ஆயினும் வண்டி வைத்திருந்தவர் மனம் கலங்காமல் இருக்குமா? நம் குடியிருப்பில் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், எந்தக் கம்பெனி என்பது இங்கு வேண்டியதில்லை, ஒரு கதவுப் பிடிக்காக இரண்டு மாதம் காத்திருந்தார். “வண்டி நல்ல வண்டிதான், ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் வழியில் ஏதாவது உடைந்தால் யாரிடம் போவது என்ற எண்ணம் கூடவே வருகிறது” என்றார் அவர். மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டியவர் அவர். வண்டியை விற்கப் போனபோது கிடைத்த விலையைக் கேட்டு, விற்காமலே திரும்பி வந்தார்.

ஆகவே, முதலிடம் என்பது ஓராண்டுக் கணக்கு. உடைமையாளரின் அனுபவமோ பத்தாண்டுக் கணக்கு. ஃபோர்டு முதலிடத்தை இழந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இழந்தது. பாக்கார்டும் பான்டியாக்கும் பெயரையே இழந்தன. ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகள் அக்காலத்துக் குடியானவனுக்குப் பயன்பட்டது அவை முதலிடம் பெற்றதனால் அன்று. பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிந்ததனால். நம் நாட்டில் ஜீப் நிலைத்ததும், அதன் பாகங்கள் இங்கேயே செய்யப்பட்டு, சிற்றூர்ப் பட்டறைக்காரனும் அதன் உள்ளுறுப்பை அறிந்திருந்ததனால்தான்.

வண்டி வாங்கப் புறப்படும் நண்பர்கள் விற்பனைப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும், தவறில்லை. அதன்பின், தாங்கள் ஊர் செல்லும் வழியில் எத்தனை நகரங்களில் அவ்வண்டிக்குப் பழுதுபார்க்கும் நிலையம் உண்டு, ஐந்தாண்டு ஓட்டியவர் என்ன சொல்கிறார், பழைய வண்டிக்கு என்ன விலை கிடைக்கிறது என்பவற்றையும் கேட்கட்டும். வீட்டுப் பெரியவர் கேட்ட இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்த பிறகே முன்பணத்தைக் கொடுக்கட்டும்.